மணலுக்கு அடியில் யார்?

அலை அரித்த கரையில் மணலைக் கொட்டினால் கரை மீண்டுவிடும். இதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்கலாம். கொட்டும் இடத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

நெதர்லாந்தில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தது. ஆகவே 1990 முதல், கரை பின்வாங்காதிருக்க, வடகடலின் அடியிலிருந்து மணலை உறிஞ்சி வந்து கரையோரம் கொட்டுகிறார்கள். அங்கே கடலடி மணலில் மட்டிகள் புதைந்து வாழ்கின்றன. குழாய் போன்ற உறுப்பை மேலே நீட்டி, நீரை இழுத்து, உணவும் ஆக்ஸிஜனும் பெறுகின்றன. கனமாக மணல் விழுந்தால் குழாய் மேலே எட்டாது. மட்டி மூச்சுமுட்டி மடியும். குளிர்காலத்தில் அங்கு வரும் ஸ்கோட்டர் என்னும் கடல்வாத்து, மூழ்கி மட்டிகளை ஓட்டோடு விழுங்கிப் பிழைப்பது. மட்டி அழிந்தால் அது என்ன செய்யும்?

அப்படியானால் மணலே கொட்டக்கூடாதா? கூடாது என்று நான் சொல்லவில்லை, ஊர்களையும் காக்கவேண்டுமே! ஆனால், அழிந்த உயிர்கள் மீண்டும் குடியேற அவகாசம் தரவேண்டும். 2011இல் ஹேக் நகரின் அருகே 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் குவித்தார்கள். காற்றும் அலையும் நீரோட்டமும் அதைச் சிறிது சிறிதாகப் பரப்புகின்றன. குவித்த இடத்தில் உயிர்கள் மடிந்தன என்பது உண்மையே. எனினும், சுற்றிலும் அடிக்கடி கொட்டிப் புதைப்பதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து.

கரையின் அகலத்தை மட்டும் அளந்து வெற்றி என்று சொல்லிவிடலாமா? மட்டிகளையும் பறவைகளையும் எண்ணிய பிறகு சொல்லுங்கள்.