கொக்கி போடும் வித்தை

தொலைக்காட்சி மல்யுத்தத்தை வாய் பிளந்து பார்க்கும் பையனிடம் பெரியவர்கள் தவறாமல் சொல்வது: “எல்லாம் நடிப்புடா.” நடிப்புதான். ஆனால் அந்த நடிப்புக்கான பரிபாஷையைப் புழங்கவிட்டவர்கள், நினைத்த மாத்திரத்தில் எதிராளியின் தோள்மூட்டைக் கழற்றிவிடக்கூடிய அசல் மல்லர்கள். பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்பதைக் குழூஉக்குறிக்கு உதாரணமாகப் பள்ளியில் படித்தவர்களுக்கு அமெரிக்க கார்னிவல் மல்லர்களின் பேச்சு சுவாரசியமாக இருக்கும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளிலும் அமெரிக்கச் சிற்றூர்களுக்கு ராட்டினம், குறி சுடும் கடை, சூதாட்டம் ஆகியவற்றோடு ஒரு மல்யுத்தக் கூடாரமும் வந்து இறங்கும். பெயர் ‘அத்லெடிக் ஷோ’, சுருக்கமாக ‘ஏ.டி. ஷோ’. வாசல் மேடையில் மல்லர்களை வரிசையாக நிறுத்தி ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார்: பத்தோ பதினைந்தோ நிமிடம் இவரிடம் தாக்குப்பிடிப்பவருக்குப் பணப் பரிசு! உள்ளூர்ப் பண்ணையாள் ஒருவன் சட்டையைக் கழற்றுவான். அவனைப் பார்க்க ஊரே டிக்கெட் வாங்கும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். வைக்கோல் கட்டு தூக்கி உரமேறிய அந்த ஆள் ஜெயிக்க வேண்டியதில்லை. குப்புறப் படுத்து நேரத்தைக் கடத்தினாலே போதும். அவனைப் புரட்டி இரு தோள்களையும் தரையில் படவைப்பதற்குள் மணி அடித்துவிடும். தினம் நாலு பேர் இப்படிப் பரிசு வாங்கினால் முதலாளி கூடாரத்தைச் சுருட்ட வேண்டியதுதான். எனவே கார்னிவல் மல்லனுக்கு, எதிராளியே ‘போதும், விடு’ என்று அலறும்படியான பிடிகள் தேவைப்பட்டன. கணுக்கால், முழங்கால், தோள், கழுத்து என்று மூட்டு மூட்டாகத் திருகும் இந்தப் பிடிகளுக்குப் பெயர் ‘ஹுக்’, அதாவது கொக்கி. இவற்றின் பூர்வீகம் இங்கிலாந்தின் லங்காஷயர். சுரங்கத் தொழிலாளர்கள் மத்தியில் வளர்ந்த அந்தப் பாணிக்குப் பெயர் ‘கேட்ச் அஸ் கேட்ச் கேன்’ - எங்கே பிடி கிடைக்கிறதோ அங்கே பிடி. இடுப்புக்குக் கீழே தொடக் கூடாது என்ற கிரேக்க-ரோமன் மல்யுத்த ஆசாரமெல்லாம் இதில் கிடையாது.

மல்லர்களுக்குள்ளும் படிநிலை உண்டு. சாதாரண ஆள் ‘ஜர்னிமேன்’. நிஜமாகவே மோதி ஜெயிக்கக் கூடியவன் ‘ஷூட்டர்’. கொக்கி போடும் வித்தை கைவந்தவன் ‘ஹுக்கர்’. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் இன்னொரு அர்த்தத்தைப் பொருட்படுத்தாமல், சாம்பியன் லூ தெஸ் 1995இல் வெளிவந்த தன் சுயசரிதைக்கு அதையே தலைப்பாக வைத்தார். தொழிலில் அதைவிடப் பெரிய பட்டம் இல்லை.

காசு கொடுத்து ஏமாற வரும் பார்வையாளன் ‘மார்க்’. ஊர்க்காரன் போலக் கூட்டத்தில் நின்று முதலில் கை தூக்கும் கம்பெனி ஆள் ‘ஸ்டிக்’. பேசிவைத்த மோதல் ‘வொர்க்’. அசல் மோதல் ‘ஷூட்’. இந்த ரகசியத்தைக் கட்டிக்காப்பது ‘கேஃபேப்’. அந்தச் சொல் பிறந்தது பற்றிப் பல கதைகள்; எதையும் நம்பி அகராதியில் ஏற்ற முடியாது. அடிபட்டவனின் சொந்தபந்தங்கள் கூடாரத்தைச் சூழ்ந்துகொண்டால் ‘ஹே ரூப்!’ என்று குரல் எழும். கார்னிவல் ஆட்கள் கட்டையும் கம்புமாக ஓடிவருவார்கள்.

அசலும் போலியும் ஒரே ஆளிடம் குடியிருந்த காலம் அது. ஐயோவா மாநிலத்து ஃபிராங்க் காட்ச் 1901இல் தங்க வேட்டை நடந்த க்ளோண்டைக் பகுதிக்குப் பொய்ப் பெயரில் போய், பந்தயம் கட்டிய சுரங்கக்காரர்களிடம் காசு பார்த்தார். அதே காட்ச் 1908இல் சிகாகோவில் ஹாக்கென்ஷ்மிட்டை இரண்டு மணி நேரம் வாட்டியெடுத்து உலக சாம்பியன் ஆனார்.

போலந்துக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோவின் கதை இன்னும் விசேஷம். 1910இல் லண்டனில் நம் காமா பயில்வானோடு கேட்ச் விதிகளின்படி மோதியபோது அவர் செய்ததும் பண்ணையாளின் தந்திரம்தான். தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் காமாவைத் திணறடித்தார். முடிவு, டிரா. ஒரு வாரம் கழித்து நடக்க வேண்டிய மறு மோதலுக்கு ஸ்பிஷ்கோ வரவேயில்லை.

1920களில் தொழில் முழுசாக ‘வொர்க்’ ஆகிவிட்டது. மணிக்கணக்கில் தரையில் புரளும் அசல் மல்யுத்தத்தைப் பார்க்க ஜனங்களுக்குப் பொறுமையில்லை. ‘ஸ்ட்ராங்க்ளர்’ லூயிஸின் முகாம் 1925இல் வேய்ன் மன் என்ற கால்பந்து வீரரை சாம்பியனாக்கியது. நல்ல ஆகிருதி, மல்யுத்தம்தான் தெரியாது. ஏப்ரல் 15ஆம் தேதி பிலடெல்பியாவில் அவரிடம் தோற்றுக் கொடுப்பதற்காக ஸ்பிஷ்கோ அமர்த்தப்பட்டார். எதிர்முகாமோடு வேறு கணக்குப் போட்டிருந்த ஸ்பிஷ்கோ, மேடையேறியதும் ‘ஷூட்’ செய்தார். மன் திரும்பத் திரும்ப மல்லாந்தார். பட்டம் பறிபோனது. அசல் வித்தை தெரியாதவனிடம் பட்டத்தைக் கொடுத்தால் பத்திரமில்லை என்பது அன்று முதலாளிகளுக்குப் புரிந்தது. நடிப்பைக் காப்பாற்றவும் கொக்கி தேவைப்பட்டது!

மூன்று வருடம் கழித்து, 1928 ஜனவரியில், பாட்டியாலாவில் காமா பழைய பாக்கியை ஒரு நிமிடத்துக்குள் தீர்த்துக்கொண்டார்.

தொலைக்காட்சி வந்த பின் ஏ.டி. ஷோக்கள் மறைந்தன. ஆனால் லங்காஷயரின் விகன் நகரில் பில்லி ரைலியின் பயிற்சிக்கூடம் வித்தையை விடவில்லை. அங்கே பயின்ற பில்லி ராபின்சன் ஜப்பானில் பயிற்சி தந்தவர்களில் ஒருவர் கசுஷி சகுராபா. 2000ஆம் ஆண்டில் பிரேசிலின் பிரபல கிரேசி குடும்பத்து ரென்சோவின் முழங்கை அவர் பிடியில் பிசகியது. கேட்ச் மல்லர்கள் அந்தப் பிடியை ‘டபுள் ரிஸ்ட்லாக்’ என்பார்கள். 1951இல் தங்கள் குலமூத்தவர்களில் ஒருவரான ஹீலியோவை அதே பிடியால் வென்ற ஜப்பானிய ஜூடோ வீரரின் பெயரால் கிரேசிகள் அதை ‘கிமுரா’ என்றே அழைக்கிறார்கள்.