இரயில் கேட்டது டிக்கெட், ஊர் கேட்டது சாதி

ஈங்கூரில் ஈரோடு பாசஞ்சர் ஏறி உட்கார்ந்தேன். எதிரில் இருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊருங்க தம்பி?"

"சென்னிமலைங்க."

"சென்னிமலையில எந்தப் பக்கம்ங்க?"

சொன்னேன்.

"யாரு ஊட்டுப் பையன்?"

கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த மூன்றாவது கேள்வி எதற்கென்று தெரியும். பதில் சொன்னதும் அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஈரோடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"பஸ்சிலும் இரயிலிலும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதானே போகிறோம், இப்போது சாதி எங்கே இருக்கிறது?" என்று கேட்கும் நண்பர்கள் நம் எல்லோருக்கும் உண்டு. இந்த நம்பிக்கை பழையது. 1853இல் 'நியூயார்க் டெய்லி டிரிப்யூன்' ஏட்டில் எழுதிய கார்ல் மார்க்ஸ், இரயில்வே கொண்டுவரும் நவீனத் தொழில்கள் சாதியைத் தாங்கி நிற்கும் பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். மூன்றே ஆண்டுகளில், 1856 ஜூலை 1 அன்று, இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. 1862இல் அதே மெட்ராஸ் இரயில்வேயின் பாதை சேலம், சங்ககிரி, ஈரோடு, திருப்பூர் வழியாகப் போத்தனூரைத் தொட்டு, மேற்குக் கடற்கரையின் பேப்பூர்ப் பாதையோடு இணைந்தது. 1868இல் திருச்சியிலிருந்து இன்னொரு பாதை ஈரோட்டுக்கு வந்தது. கோவை நகரத்துக்கு 1873இல்தான் இரயில் வந்தது.

இந்தப் பாதைகளுக்கு முதல் போட்ட இங்கிலாந்துக்காரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 5 சதவீத வட்டி உத்தரவாதம் தரப்பட்டது. வருமானம் குறைந்தால் நம் மக்களின் வரிப்பணத்திலிருந்து அது ஈடுகட்டப்பட்டது. மண் சுமந்து, கல் உடைத்துப் பாதை போட்ட கூலிகளுக்கு அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது கொங்கு நாட்டில் இரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தானியமும் வந்தது. ஆனால் அது வியாபாரியின் தானியம், காசு உள்ளவருக்குத்தான் கிடைத்தது. நிலமும் காசும் இல்லாத பண்ணையாட்கள் நிவாரண வேலைக்குப் போனார்கள். அங்கே ஆண் ஒருவருக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று குறைக்கப்பட்டது. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. நிலம் யார் கையில் என்ற கேள்வியை இரயில் தொடவே இல்லை.

இரயில் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது. பெட்டிகளைக் கம்பெனிகள் கட்டணத்தின்படி பிரித்தன, சாதிப்படி பிரிக்கவில்லை. மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கிய யாரும் மூன்றாம் வகுப்பில் ஏறலாம். தெருவில் செருப்புப் போட்டு நடக்கவே தடை இருந்த காலத்தில் இது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்த டிக்கெட் பெட்டிக்குள் மட்டுமே செல்லுபடியானது.

1901இல் சிறுவன் அம்பேத்கர் தன் அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்கச் சாத்தாராவிலிருந்து இரயிலில் போனார். நல்ல உடையும் டிக்கெட்டும் இருந்ததால் வழியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். மகர் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறிவிட்டது. எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. குடிக்கத் தண்ணீர்கூட வழியில் கிடைக்கவில்லை.

மராட்டியத்தில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். தென்னிந்திய இரயில் நிலையங்களின் உணவு விடுதிகளில் பார்ப்பனருக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு வேறு இடம் என்றுதான் இருந்தது. பெட்டிக்குள் தோளோடு தோள் இடித்து வந்தவர்கள் பிளாட்பாரத்தில் இறங்கியதும் பிரிந்து சாப்பிட்டார்கள். ஈரோட்டுக்காரரான பெரியாரும் அவரது இயக்கமும் எதிர்த்துப் போராடிய பிறகு, 1941இல்தான் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. ஈரோட்டுக்கு இருப்புப்பாதை வந்து அப்போது 79 ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை ஆண்டுகள் ஓடிய இரயிலால் அந்தத் தடுப்பை அகற்ற முடியவில்லை. கேள்வி கேட்ட மனிதர்கள்தான் அகற்றினார்கள்.

அதே 1862ஆம் ஆண்டுப் பாதையில், ஈரோட்டுக்கு முன்னால் காவிரியின் அக்கரையில் இருக்கிறது பள்ளிபாளையம். 2015 ஜூனில் அங்கேதான் தண்டவாளத்தில் கோகுல்ராஜின் உடல் கிடந்தது. தலித் இளைஞரான அவர், ஆதிக்க சாதிப் பெண் ஒருவரோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். தற்கொலை என்று காட்டுவதற்கு அந்தத் தண்டவாளம் பயன்பட்டது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதற்குப் பின்னால் ஒரு தாயின் விடாப்பிடியும் வழக்கறிஞர்களின் உழைப்பும் இருந்தன.

இரயில் போய் இன்று மெட்ரோவும் செயலியும் வந்திருக்கின்றன. தொழில்நுட்பம் வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்ற பேச்சும் கூடவே வருகிறது. திருமணத் தகவல் செயலிகளில் சாதிவாரியாக வரன் தேட முடிகிறது என்பதைப் பார்த்தால் போதும். எந்தக் கருவியும் தன்னிடம் கொடுத்த வேலையைத்தான் செய்யும். என்ன வேலை கொடுப்பது என்பதில்தான் நமக்கும் அவர்களுக்கும் சண்டை.

அந்தப் பெரியவர் மாதிரி யாராவது மறுபடி கேட்டால் சொல்ல ஒரு பதில் யோசித்து வைத்திருக்கிறேன்: "ஈங்கூர்ல ஏறுனனுங்க, ஈரோட்டுல எறங்குவனுங்க. டிக்கெட் இருக்குதுங்க."