பனி கொட்டட்டும், துணை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்!

பனிச்சறுக்கு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஹீரோ தடிமனான கோட்டு போட்டுக்கொண்டு, ஹீரோயின் பாவம் மெல்லிய புடவையில் நடுங்கிக்கொண்டு ஆடுகிற டூயட் காட்சிதானே? எனக்கும் 52 வயது வரை அப்படித்தான். பாளையங்கோட்டை வெயிலில் சூரணம் இடித்து வைத்தியம் படித்தவனுக்குப் பனியைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்கத் தோன்றுகிறதா? கேளுங்கள். சொல்கிறேன்.

உங்களில் பல பேருக்கு மகனோ மகளோ குளிர் தேசத்தில் இருப்பார்கள். போன் செய்தால் "நல்லா இருக்கேன்" என்று ஒரே பல்லவி பாடுவார்கள். அதை முழுசாக நம்பிவிடாதீர்கள். நான் நம்பினேன். 2020 ஜனவரியில் நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவுக்குப் போய், மகள் வீட்டுக் கதவைத் தட்டிய பிறகுதான் சங்கதி தெரிந்தது.

மகள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். மருமகனுக்குக் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. இரண்டு வாரம் கடல், நான்கு வாரம் வீடு. அவர் கடலில் இருக்கும்போது இவள் தனி. டியூட்டி முடிந்து வந்தால் போர்வை, டி.வி., டீ, பிஸ்கட். உடம்பு பெருத்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தும் முகத்தில் சோர்வு போகவில்லை. பழைய சிரிப்பைக் காணோம். வைத்தியன் புத்தி சும்மா இருக்குமா? கையைப் பிடித்து நாடி பார்த்தேன். நாடி ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. முகம்தான் பேசியது.

ஒரு நாள் அரிசி மூட்டை எடுக்க அடுக்குமாடியின் நிலவறைக்குப் போனோம். மூலையில் நீளமாக இரண்டு ஜோடிப் பலகைகள், ஒட்டடை படிந்து நின்றன.

"இது என்னம்மா?"

"ஸ்கீப்பா. ரெண்டு வருஷம் முன்னால தள்ளுபடியில வாங்குனோம்."

"எத்தனை தடவை போனே?"

"ரெண்டு தடவை, அவங்க கூட. இந்த வருஷம் பனியே சரியில்லப்பா. அவங்களுக்கு லீவு இருந்தா எனக்கு டியூட்டி. ஒத்தையில எப்படிப் போக?"

இரண்டு காரணம் சொன்னாள். இரண்டும் பொய்யில்லை.

பனி சரியில்லை என்பது நிஜம். அந்த வருஷம் ஜனவரி 2-ம் தேதி நார்வேயின் மேற்குப் பக்கம் சுன்டால்சோரா என்ற ஊரில் 19 டிகிரி வெப்பம் பதிவானது. நடுக்குளிர்காலத்தில்! ஆஸ்லோ நகருக்குள் வெண்பனி மூட வேண்டிய இடத்தில் பச்சைப் புல் தெரிந்தது. அங்கே பனி கிடக்கும் நாட்கள் வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கினாலும், மொத்தத்தில் குறைந்துகொண்டுதான் வருகின்றன. நல்ல பனி வரட்டும் என்று காத்திருந்தால், அலை ஓய்ந்து கடலாடப் போன கதைதான்.

ஒத்தையில போகத் தெரியாது என்பதும் நிஜம். அதற்குக் காரணம் யார் தெரியுமா? நான்தான். ட்யூஷனுக்கா, ஒத்தையில போகாத. கோயிலுக்கா, தம்பியைக் கூட்டிட்டுப் போ. காலேஜுக்கா, நாலு பிள்ளைகளோட சேர்ந்து போ. இருபது வருஷம் வேளை தவறாமல் நான் ஊட்டிய மருந்து அது. நன்றாகவே வேலை செய்திருக்கிறது. தேசம் விட்டு தேசம் போய், முதியவர்களைத் தூக்கி உட்கார வைத்து, ராத்திரி டியூட்டி பார்க்கிற பெண், பகல் வெளிச்சத்தில் பத்து நிமிஷ ரயில் தூரத்துக்குத் துணை தேடிக்கொண்டு வீட்டில் முடங்கிக் கிடக்கிறாள்.

எதிர் வீட்டுப் பாட்டி

எதிர் வீட்டில் ஒரு நார்வேப் பாட்டி. எழுபதைத் தாண்டியவர். தினமும் ஸ்கீயைத் தோளில் சாய்த்துக்கொண்டு தனியாகக் கிளம்புவார். ஒரு நாள் படிக்கட்டில் மகளை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன்: "பனிதான் இல்லையே, எங்கே போகிறீர்கள்?"

பாட்டி சிரித்தார். மேலே ஹோல்மென்கோலன் குன்றில் மெஷின் பனி இருக்கிறதாம். அதுவும் கெட்டுப் போயிருந்தால் ஸ்கீயை ஸ்டேஷனில் சாய்த்துவிட்டு நடப்பாராம். "நான் பனிக்காகப் போகவில்லை, வெளிச்சத்துக்காகப் போகிறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாடி பிடிக்காமலே அந்த அம்மாள் வைத்தியம் சொல்லிவிட்டார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜனவரியில் ஆஸ்லோவில் காலை 9 மணிக்கு மேல்தான் விடியும். மாலை மூன்றரை, நாலுக்கெல்லாம் இருட்டு. குளிர்கால வெயில் அங்கே மிகவும் சாய்வாக விழுவதால் தோலில் வைட்டமின் டி உண்டாவதில்லை. நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு இன்னும் சிரமம். அதனால்தான் நார்வேக்காரர்கள் வழிவழியாக மீன் ஈரல் எண்ணெய் குடித்து வருகிறார்கள். மகளுக்கும் டாக்டர் டி மாத்திரை கொடுத்திருந்தார். அதை நான் நிறுத்தச் சொல்லவில்லை. நீங்களும் யார் பேச்சையும் கேட்டு நிறுத்தாதீர்கள். ஆனால் மாத்திரை செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. பகல் வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் ஒழுங்காக ஓடும். தூக்கம் சீராகும், மனசும் லேசாகும். மேகம் மூடிய பகல்கூட, வீட்டுக்குள் எரிகிற விளக்கைவிடப் பல மடங்கு பிரகாசம்.

பனி மோசமா? அதுவும் பாடம்தான்

ஸ்கீயிங்கில் இரண்டு வகை உண்டு. மலை உச்சியிலிருந்து சர்ரென்று இறங்குவது ஒன்று. சமவெளியிலும் காட்டுப் பாதையிலும் கைத்தடிகளை ஊன்றி வழுக்கி வழுக்கி நடப்பது மற்றொன்று. நார்வேக்காரர்களின் உயிர் மூச்சு இந்த இரண்டாவது. கை, கால், முதுகு, வயிறு எல்லாம் வேலை செய்யும். தடதடவென்று ஓடும்போது முட்டியில் விழுகிற அடி இதில் விழுவதில்லை.

மெட்ரோவில் முதல் நம்பர் லைன் ஹோல்மென்கோலனுக்குப் போகிறது. ரயிலிலேயே ஸ்கீயோடு ஏறலாம். 1892 முதல் பனிச்சறுக்குப் போட்டிகள் நடக்கிற குன்று அது. அங்கே பீரங்கி மாதிரி ஒரு மெஷின் தண்ணீரையும் காற்றையும் சேர்த்துப் பீய்ச்சுகிறது. குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே சில டிகிரி இருந்தால், துளி தரையில் விழுவதற்குள் உறைந்து பனியாகிவிடும். மட்டமான சரக்கு என்று நினைக்காதீர்கள். 2022-ல் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கே ஏறக்குறைய முழுக்க முழுக்க மெஷின் பனியில்தான் நடந்தது.

முதல் நாள் நானும் மகளும் போனோம். அவள் ஸ்கீயில், நான் பூட்ஸுக்கு அடியில் முள் பட்டை மாட்டிக்கொண்டு நடையில். அப்படியும் இரண்டு தடவை விழுந்தேன். அவள் ஐந்து தடவை. மெஷின் பனி இயற்கைப் பனியைவிட இறுகியது, கெட்டியானது. விழுந்தால் நன்றாகவே வலிக்கும். ஆகவே அந்த மாதிரி நாளில் தூரம், வேகம் எல்லாம் வேண்டாம். ஒரே சின்னச் சுற்றைத் திரும்பத் திரும்பப் போங்கள். கைத்தடி இல்லாமல் வழுக்கிப் பழகுங்கள். ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது பாருங்கள். முன் நுனிகளைச் சேர்த்து, பின்பக்கம் விரித்துப் பிரேக் போடப் பழகுங்கள். விழுந்தால் எப்படி எழுவது என்று பழகுங்கள். நல்ல பனி கிடக்கிற நாளில் இதையெல்லாம் யார் பழகுவார்கள்? ஓடத்தான் தோன்றும்.

இன்னும் சில விஷயங்கள், வைத்தியன் என்ற முறையில்:

உள்ளே பருத்திப் பனியன் வேண்டவே வேண்டாம். வேர்வையைக் குடித்துக்கொண்டு ஐஸ் மாதிரி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி நூல் பனியன் நல்லது.

விழும்போது கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே விழாதீர்கள். கட்டைவிரல் பின்னால் மடங்கி, அடிமூட்டின் தசைநார் கிழிந்துவிடும். தடியை விட்டுவிடுங்கள்.

குளிரில் தாகம் தெரியாது. ஆனால் உடம்பு நீரை இழந்துகொண்டேதான் இருக்கும். பிளாஸ்க்கில் சூடாக ஏதாவது கொண்டு போங்கள். அங்கே ஆரஞ்சும் சாக்லேட்டும் கட்டிக்கொண்டு போவது வழக்கம். என் மகளுக்கு நான் சுக்கும் மிளகும் பனைவெல்லமும் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். தொண்டைக்கு இதமாக இருக்கும். சுக்குத் தண்ணீர் குடித்தால் எலும்பு முறியாது என்று மட்டும் நான் சொல்லமாட்டேன்! குளிருக்கு மது நல்லது என்பதும் தப்பு. சூடு ஏறுகிற மாதிரி தெரியும், உண்மையில் உடம்பின் சூடு வெளியேறும்.

நெஞ்சுவலி, கட்டுப்படாத ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருப்பவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். குளிர்காற்று மூச்சுக்குழலைச் சட்டென்று இறுக்கும். மூக்கு, வாயைக் கம்பளியால் மூடிக்கொண்டு, இன்ஹேலரைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன பொய்

இரண்டாம் நாளும் கூடப் போனேன். மூன்றாம் நாள் மகள் கிளம்பி நின்றாள்.

"நான் வரலைம்மா. முட்டி வலிக்கு."

"அப்ப நாளைக்குப் போவோம்ப்பா."

"நாளைக்கும் வலிக்கும். நீ போயிட்டு வா."

பொய்தான். முட்டிக்கு ஒன்றுமில்லை. ஒரு தாளில் எந்த ஸ்டேஷன், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று எழுதச் சொல்லி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அவள் போன பிறகு ஜன்னலை விட்டு நகரவில்லை. இரண்டேகால் மணி நேரம். நான் ஊட்டிய மருந்து என்னைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அவள் கன்னமெல்லாம் விறைத்து, மூக்கு ஒழுக, சிரித்துக்கொண்டே வந்தாள். அன்று ராத்திரி அவள் டி.வி. போடவில்லை. தூங்கிவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். "பாதையெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸுப்பா. பத்து நிமிஷத்துல திரும்பிட்டேன்" என்றாள், ஏதோ தோற்றுப்போன மாதிரி. நான் அவளுக்கு நெய் விட்டுத் தோசை வார்த்துக் கொடுத்தேன். சும்மா இல்லை. நார்வேயில் மலைக்குப் போகிறவர்களுக்கென்று சில விதிகள் உண்டு. 1950-களில் உண்டாக்கி, 1967 ஈஸ்டர் விடுமுறையில் பலர் மலையில் உயிரிழந்த பிறகு நாடு முழுக்கப் பரப்பினார்கள். குழந்தைகள்கூடச் சொல்வார்கள். போகுமுன் வழியைச் சொல்லிவிட்டுப் போ என்பது அதில் ஒன்று. நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமே இல்லை என்பது இன்னொன்று. தனியாகப் போகத் தகுதி உள்ளவர் யார் என்றால், தனியாகத் திரும்பி வரத் தெரிந்தவர்தான்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். தனியாகப் போகலாம் என்று நான் சொல்வது ஊரை ஒட்டிய, அடையாளம் போட்ட, ஆள் நடமாட்டம் உள்ள பாதைகளுக்கு மட்டும். விளக்குக் கம்பம் போட்ட பாதைகளே அங்கே நிறைய இருக்கின்றன. பனிச்சரிவு வருகிற மலைச் சரிவில் தனியாகப் போவது தைரியம் இல்லை, அசட்டுத்தனம். அங்கே விவரம் தெரிந்தவர்கள் துணையும், அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பதும் கட்டாயம். ஜன்னலில் ஒரு தகப்பன் நின்று மட்டும் பிரயோஜனமில்லை.

இதெல்லாம் எனக்கெதற்கு என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். அந்த மாதிரி ஊரில் உங்கள் பிள்ளை இருந்தால் அடுத்த போனில் "சாப்பிட்டியா"வோடு இன்னொன்றும் கேளுங்கள்: "இன்னைக்கு வெளியே போனியா?" துணை இல்லை என்றால், "துணை தேடு" என்று சொல்லாதீர்கள். "போயிட்டு வந்து எனக்கு ஒரு மெசேஜ் போடு" என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு அந்தத் துணை போதும்.

மகளுக்கு உடம்பு இளைத்ததா என்று கேட்பீர்கள். கொஞ்சம்தான். இப்போது கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் சில நாள் அவளோடு வருகிறார்கள். இவள் தனியாகப் போய் வருவதைப் பார்த்துத்தான் வரத் தொடங்கினார்களாம். அவர்கள் வராத நாளிலும் இவள் போகிறாள். போன குளிர்காலத்தில் ஒரு காலை எனக்கு போன் வந்தது.

"அப்பா, பனி சரியில்ல. கூட ஆளும் இல்ல. போயிட்டு வந்துருதேன்."