ஒரே வீடு... ரெண்டு கலர்!

போன மாசம் காட்டுமன்னார்கோயில்ல எங்க அக்காவைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. அக்கா வீராணத்து வண்டல் நிறம், நான் கோதுமை. பலகாரத் தட்டோட வந்த என்னைப் பார்த்து, 'சின்னவளைக் கேட்கலாமா?'னு ஒரு பெரியம்மா முணுமுணுப்பு. பத்திக்கிட்டு வந்துச்சு!

தோல் நிறத்துக்குக் காரணமான பல ஜீன்கள்ல ஒண்ணு எஸ்.எல்.சி.24.ஏ.5. அதுல ஒரே ஒரு எழுத்து மாறினா நிறம் வெளுக்கும். ஐரோப்பியர்களுக்கும் நமக்கும் அந்த மாற்றம் ஒரே மூதாதை வழியாத்தான் வந்துச்சுன்னு 2013-ல ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகள் பங்கெடுத்த ஆய்வு சொல்லுது. அப்பாகிட்ட ஒரு சீட்டு, அம்மாகிட்ட ஒரு சீட்டு. அக்காவுக்கு விழுந்தது வேற, எனக்கு வேற. அவ்ளோதான் மேட்டர்! அயர்லாந்துல அண்ணனுக்குக் கறுப்பு முடி, தம்பிக்குச் செம்பட்டைன்னு பொறக்கறதும் இதே குலுக்கல்தான் (அங்கே ஜீன் எம்.சி.1.ஆர்.).

பிரபல சிவப்பழகு க்ரீம் பேர்ல இருந்த 'ஃபேர்' 2020-லயே போயிடுச்சு. அக்கா அலமாரியில இருக்கற டியூப்தான் இன்னும் போகலை.