திறப்பைத் திருடியவன் திரும்பி வருவான்

சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பில் நான் வாடகைக்குக் குடியிருந்த வீட்டில் களவு நிகழ்ந்தது. மேசை இழுப்பறையில் இருந்த சிறுதொகைப் பணமும் ஒரு கைக்கடிகாரமும் காரின் மேலதிகத் திறப்பும் காணாமற் போயின. கார் மட்டும் வாசலிலேயே நின்றது.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எழுதிய அலுவலர் பணத்தைக் குறித்தார், கடிகாரத்தைக் குறித்தார். திறப்பு என்றதும் பேனாவை நிறுத்தினார். "கார் வீட்டிலதானே நிக்குது, ஐயா. பிறகென்ன முறைப்பாடு?" என்றார். காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். கார் களவு போனால் அறிவிக்கும்படி பதில் கிடைத்தது. கராஜ்காரரோ, "பயப்படாதேங்கோ சேர், இன்னொரு திறப்பு வெட்டித் தாறன்" என்று ஆறுதல் கூறினார்.

மூவரும் சொன்னதன் சாரம் ஒன்றே: இன்னும் எதுவும் நடக்கவில்லை. இந்த மனப்பாங்கைத்தான் இங்கு கண்டிக்க விரும்புகின்றேன்.

வீடு புகுந்து திறப்பை எடுத்தவனுக்கு விலாசம் தெரியும். வாகனம் எங்கு நிற்கும் என்பதும் தெரியும். அவன் கண்ணாடியை உடைக்கத் தேவையில்லை. எச்சரிக்கை மணியைக்கூட அந்தத் திறப்பே அடக்கிவிடக்கூடும். அவனுக்கு வேண்டியது பொறுமை மாத்திரமே. எனவே திறப்பு களவு போன அன்றே காரின் பாதி களவு போய்விட்டது என்று கொள்வதே விவேகம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். எமது தண்டனைச் சட்டக்கோவையின்படி அசையும் ஆதனத்தை நேர்மையீனமாக எடுத்தல் களவாகும். அதற்குக் குறைந்தபட்ச விலை எதுவும் விதிக்கப்படவில்லை. வாய்மொழியாகக் கூறப்படும் குற்றத் தகவலை எழுத்தில் பதிய வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் கூறுகின்றது. ஆகவே திறப்பை முறைப்பாட்டில் சேர்ப்பது அலுவலர் காட்டும் தயவன்று, அவரது கடமை. காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்திலேயே அறிவியுங்கள். வாகனத்தைப் பாதுகாக்க நியாயமான கவனம் எடுக்கவேண்டும் என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு. இன்று "பிறகு சொல்லுங்கள்" என்பவர்கள், நாளை "ஏன் முன்னரே சொல்லவில்லை?" என்று கேட்பார்கள்.

அடுத்தது கராஜ்காரரின் ஆறுதல். புதிய திறப்பு வெட்டினால் என் கையில் மீண்டும் இரண்டு திறப்புகள் இருக்கும். கள்வன் கையிலும் ஒன்று இருக்கும். இதில் பாதுகாப்பு எங்கே?

இன்றைய கார்களிற் பெரும்பாலானவற்றில் இம்மொபைலைசர் என்ற தடுப்பு முறை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதலும் கனடாவில் 2007 முதலும் புதிய கார்களில் அது கட்டாயமாக்கப்பட்டது. திறப்பின் தலைப்பகுதியில் உள்ள சிறு சில்லு ஓர் இரகசியக் குறியீட்டை அனுப்பும். காரின் கணினி தன் நினைவகத்தில் உள்ள குறியீடுகளுடன் அதனை ஒப்பிட்டு, பொருந்தினால் மாத்திரமே இயந்திரத்தை இயங்க விடும். ஆகவே செய்யவேண்டியது களவு போன திறப்பின் குறியீட்டை நினைவகத்திலிருந்து அழிப்பதாகும். உரிய கருவி உள்ள தொழில்நுட்பவியலாளர் இதனைச் செய்வார். எஞ்சிய திறப்புகள் அனைத்தையும் கொண்டு செல்லுங்கள்; பல வகைக் கார்களில் அவ்வேளை மீளப் பதியப்படாத திறப்பும் செயலிழந்துவிடும். எத்தனை திறப்புகள் பதிவில் உள்ளன என்பதைக் கணினியிற் பார்த்து உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

இத்துடன் வேலை முடியவில்லை. குறியீடு அழிந்தாலும் திறப்பின் உலோகப் பகுதி கதவைத் திறக்கும். கதவுப் பூட்டின் உள்ளுருளையையும் இயந்திரத்தை இயக்கும் பூட்டின் உள்ளுருளையையும் மாற்றவேண்டும். இம்மொபைலைசர் இல்லாத பழைய கார்களுக்கு இது ஒன்றே வழி. அதுவரை ஸ்டியரிங்கிற்கு இரும்புப் பூட்டு இடலாம். இரவில் எரிபொருள் பம்பியின் பியூசைக் கழற்றி வைக்கலாம். இன்னொரு வாகனத்தைக் குறுக்கே நிறுத்தலாம். திறப்பின் சமிக்ஞையை மறைக்கும் பைகளை வாங்கி ஏமாற வேண்டாம். அவை உங்கள் கையில் உள்ள திறப்பைக் காக்கும். கள்வன் கையில் உள்ளதை என்ன செய்யும்?

வாகன உற்பத்தியாளர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. வங்கி அட்டை தொலைந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் அதனை முடக்கலாம். வாழ்நாட் சேமிப்பைக் கொட்டி வாங்கிய காரின் திறப்பை முடக்க மட்டும், உரிமையாளர் நாட்கணக்கில் அலைந்து தன் பணத்தையே செலவிட வேண்டுமா? சிற்சில கார்களில் உரிமையாளரே திரையைத் தொட்டுத் திறப்பை நீக்கும் வசதி உண்டு. செய்ய முடியாதது என்று இனி எவரும் சொல்ல முடியாது.

எம் நாட்டில் இது மேலும் பாரதூரமானது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் பழைய கார்களே கைமாறின. முன்னைய உரிமையாளர்களிடம் எத்தனை திறப்புகள் தங்கியுள்ளன என்று வாங்கியவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? விற்பனை உறுதியில் திறப்புகளின் எண்ணிக்கையும் எழுதப்படவேண்டும்.

என் கதையை முடித்துவிடுகின்றேன். அலுவலருடன் வாதாடித் திறப்பையும் முறைப்பாட்டில் சேர்ப்பித்தேன். ஐந்தாம் நாள் குறியீட்டை அழித்து, பூட்டுகளையும் மாற்றினேன். பணம் வீண் என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின் ஒரு காலை, ஓட்டுநர் பக்கக் கதவின் திறப்புத் துவாரத்தைச் சுற்றிப் புதிய கீறல்கள் தெரிந்தன. வந்தவன் யாரென்று என்னால் நிரூபிக்க இயலாது. ஆனால் கார் அங்கேயே நின்றது.