சுங்க வரி ஜீரோவானா போதுமா மக்களே?

தடையற்ற வணிக ஒப்பந்தம்னு பேச்சு வந்தாலே நம்ம ஆளுங்க ஒரே கேள்விதான் கேக்கறாங்க: வரி எவ்வளவு குறையும்? எந்தக் கரன்சியில விலை பேசறாங்க, அந்தக் கரன்சியோட குடுமி யார் கையில இருக்குன்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. நான் பொருளாதாரம் படிச்சவன் இல்லீங்க, பொட்டி தட்டறவன். ஆனா இந்தக் கணக்குக்கு அஞ்சாங்கிளாஸ் பெருக்கல் போதும்.

தென்னமெரிக்காவோட மெர்கோசூரை எடுத்துக்குங்க. 1991-ல அர்ஜென்டினா, பிரேசில், பராகுவே, உருகுவே நாலும் சேர்ந்து போட்ட ஒப்பந்தம். அதே வருஷம் அர்ஜென்டினா 'ஒரு பெசோ = ஒரு டாலர்'னு சட்டமே போட்டுச்சு. வெறிபிடிச்சு ஏறின விலைவாசியை அது அடக்கிச்சு, மறுக்கலை. ஆனா தொண்ணூறுகளோட கடைசியில அர்ஜென்டினா ஏற்றுமதியில கிட்டத்தட்ட 30 சதவீதம் வாங்கினது பிரேசில். அமெரிக்கா வாங்கினது அதுல பாதிகூட இல்லை. சரக்கு விக்கறது பக்கத்து வீட்டுக்கு, தராசு மட்டும் தூரத்து ஊர்க்காரனோடது!

1999 ஜனவரியில பிரேசில் தன்னோட ரெயாலை அவிழ்த்து விட்டுச்சு. டாலருக்கு 1.21 ரெயாலா இருந்தது சில வாரத்துலயே 2-ஐத் தாண்டிடுச்சு. இப்ப கணக்குப் போடுங்க. 100 பெசோ சரக்கு பிரேசில்ல 121 ரெயாலா இருந்தது, இப்ப 200. பெரும்பாலான சரக்குக்கு ஒப்பந்தப்படி வரி ஜீரோ. நிஜத்துல 65 சதவீத வரி போட்ட மாதிரி! இந்தப் பக்கம் பிரேசில் சரக்கு சல்லிசா வந்து கொட்டிச்சு. செருப்பு, துணி தயாரிக்கிறவங்க அலற, அர்ஜென்டினா கட்டுப்பாடு போட, பிரேசில் முறைக்க, ஒப்பந்தம் சந்தி சிரிச்சுது.

அடுத்தது காமெடி. 2001 ஜூன்ல அமைச்சர் கவாலோ, ஏற்றுமதி இறக்குமதிக்கு மட்டும் பாதி டாலர், பாதி யூரோன்னு ஒரு கலவை ரேட்டு கொண்டு வந்தார். அப்ப யூரோ டாலரைவிட மலிவு. அதனால ஏற்றுமதிக்காரருக்குக் கொஞ்சம் மானியம், இறக்குமதிக்காரருக்குக் கொஞ்சம் வரி. முன்வாசல் வழியா அனுப்பின வரி கொல்லைப்புறமா திரும்பி வந்தாச்சு. அப்பவும் தேறலை. 2002 ஜனவரியில டாலர் கட்டு அறுந்துச்சு. அந்த வருஷம் வேலையில்லாதவங்க 20 சதவீதத்துக்கும் மேல.

"அதான் சொல்றோம், யுவானுக்கு மாறுங்க"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். அண்ணே, அதையும் பண்ணியாச்சு. 2023-ல டாலர் வறண்டு போய், சீனச் சரக்குக்கு யுவான்ல பணம் கட்டிச்சு அர்ஜென்டினா. ஐ.எம்.எஃப். தவணையில ஒரு பகுதியைக்கூட யுவான்லதான் அடைச்சுது. அந்த யுவான் ஏது? சீன மத்திய வங்கி கொடுத்த கைமாத்து. வட்டிக்கடைதான் மாறிச்சு. கையில யுவான் இருந்தா யார் சரக்கை வாங்கத் தோணும்? பக்கத்து வீட்டு பிரேசில் சரக்கையா?

டாலருக்குச் சொந்தக்காரன் விவரமானவன். நாஃப்டாவுக்குப் பதிலா 2020-ல அமலுக்கு வந்த ஒப்பந்தத்துல, போட்டிக்காக நாணய மதிப்பைக் குறைக்கக் கூடாதுன்னு 33-வது அத்தியாயமே வெச்சிருக்கான். அச்சடிக்கிறவனுக்கே இந்தக் கவலைன்னா மத்தவங்களுக்கு எவ்வளவு இருக்கணும்?

வேற டீம் எப்ப வேணா மாத்தக்கூடிய குளோபல் வேரியபிளை நம்பி கோடு எழுதினா என்ன ஆகும்னு நம்ம பொட்டி தட்டற சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. எந்த ஒப்பந்தம் வந்தாலும் வரிப் பட்டியலைப் புரட்டறதுக்கு முன்னாடி, ரேட்டைத் தீர்மானிக்கிறது யாருன்னு தேடுங்க. அதைப் பத்தி ஒரு வரிகூட இல்லைன்னா, கையெழுத்தே போடாத இன்னொருத்தன் அந்த மேஜையில உக்காந்திருக்கான்னு அர்த்தம்.