மாணவர்க்கு விலங்கா? மேலோர்க்கு விலக்கா?

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், சேலத்தினின்று பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிக் கருப்பூரில் அமைந்துள்ளது பெரியார் பல்கலைக்கழகம். 1997ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாள், பெரியார் பிறந்த நாளிலேயே, தமிழ்நாட்டரசு அதனைத் தோற்றுவித்தது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டினகிரி ஆகிய நான்கு மாவட்டங்களின் கல்லூரிகள் அதன் ஆட்சியின்கீழ் வருவன. ஏற்காட்டுத் தோட்டங்களிற் காப்பிக்கொட்டை பறிக்கும் தாயின் மகனும், கொண்டையூசி வளைவுகள் இருபதையும் கடந்து மலையினின்று இறங்கி, அப்பல்கலைக்கழகத்தின் பட்டத்தையே நாடி வருகின்றான். 'அறிவால் விளையும் உலகு' என்பது அப்பல்கலைக்கழகம் தனக்கென வைத்துக்கொண்ட கொள்கைமொழி.

அத்தகைய கல்விக்கூடத்தினின்று 2023ஆம் ஆண்டு சூன் திங்களில் ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது. சூன் 28ஆம் நாள் நடைபெறவிருந்த பட்டமளிப்பு விழாவிற்குப் பல்கலைக்கழக வேந்தர் என்னும் முறையில் அன்றைய ஆளுநர் ஆர்.என். இரவி வரவிருந்தார். விழாவிற்கு வருவோர் கறுப்பு உடை உடுத்து வரலாகாது. கைப்பேசி கொண்டு வரலாகாது. இவை காவல்துறையின் அறிவுரை என்பது அச்சுற்றறிக்கையின் சாரம். செய்தி வெளியானவுடன் தமிழ்நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பிறகு சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது.

திரும்பப் பெற்றுவிட்டார்களே, இனி அதைப் பேசுவானேன் என்று சிலர் கேட்பர். தாளைத் திரும்பப் பெறலாம். அத்தாளை எழுதத் தூண்டிய எண்ணத்தை எவரும் திரும்பப் பெற்றதாகத் தெரியவில்லை. நச்சுமரத்தின் ஓர் இலையைக் கிள்ளிவிட்டு, மரமே வீழ்ந்தது என்று மகிழ்வது பேதைமை. ஆகலின் அவ்வெண்ணத்தின் வேரைத் தோண்டிப் பார்ப்பதே அறிவுடைமை.

கறுப்பின் பொருள்

கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் நிறத்தை மட்டும் குறிப்பன அல்ல; வெகுளியையும் குறிப்பன என்று தொல்காப்பியர் உரியியலில் ஓதினார். சுற்றறிக்கை விடுத்தவர்கள் தொல்காப்பியம் கற்றார்களோ, இல்லையோ! அச்சொல்லின் இரண்டாம் பொருளை மட்டும் நன்கு உணர்ந்திருக்கின்றனர். அவர்கள் அஞ்சியது துணியின் நிறத்தை அன்று. அத்துணிக்குள் இருக்கும் நெஞ்சின் வெகுளியை!

அந்த அச்சம் அரங்கேறிய இடந்தான் பெருநகைப்புக்கு உரியது. 1944ஆம் ஆண்டு நீதிக்கட்சி திராவிடர் கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது இதே சேலத்தில். அடுத்த ஆண்டில் பெரியார் கருஞ்சட்டைப் படையை அமைத்தார். தமிழரின் இழிவு நீங்கும்வரை அணியவேண்டிய துயரக் குறியாகவே அவர் கறுப்பைத் தேர்ந்தார். 1948ஆம் ஆண்டு அன்றைய சென்னை அரசு அப்படையைத் தடை செய்தது. தடை செய்த அரசு போயிற்று, கறுப்பு நின்றது. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அக்கருஞ்சட்டைக் கிழவரின் பெயரையே நெற்றியிற் சூடிக்கொண்ட பல்கலைக்கழகம், அவர் உடுத்த நிறத்தை வாயிலில் நிறுத்த முற்பட்டது! பெரியாரே அவ்விழாவிற்கு வந்திருப்பின், அவரையும் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வருக என்றிருப்பார்கள் போலும்!

வில்லை முதல் சட்டை வரை

இவ்வெண்ணம் புதிதாக முளைத்தது அன்று. வெள்ளையன் இட்ட விதையே இது. 1907ஆம் ஆண்டு, சென்னை மாகாணத்தின் பகுதியாக அன்றிருந்த இராசமுந்திரியில், அரசினர் கல்லூரி மாணவர் சிலர் விடுதலை முழக்கம் பொறித்த சிறு வில்லையைச் சட்டையிற் குத்திக்கொண்டு வகுப்பிற்குச் சென்றனர். அங்கு முதல்வராயிருந்த ஆங்கிலேயர்க்கு அது பெருங்குற்றமாகப்பட்டது. காடிச்செர்லா அரிசருவோத்தமராவ் என்னும் மாணவர் கல்லூரியினின்று நீக்கப்பட்டார். அரசுப் பணியின் கதவும் அவர்க்கு அடைக்கப்பட்டது. அவரே பின்னாளில் ஆந்திர நூலக இயக்கத்தை வளர்த்த பெருமக்களுள் ஒருவராக விளங்கினார். நீக்கியவர் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியுள்ளது. நீக்கப்பட்டவர் பெயர் நிலைத்துவிட்டது.

1965ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள் சிதம்பரத்தில் நிகழ்ந்ததைத் தமிழர் மறத்தல் இயலாது. இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் புறப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்மீது காவலர் சுட்டனர். இராசேந்திரன் என்னும் இளைஞர் மண்ணிற் சாய்ந்தார். அன்றைய ஆட்சியாளர் அகரமுதலியில் அம்மாணவர் செயலுக்கு என்ன பெயர்? ஒழுங்கின்மை, கட்டுப்பாட்டு மீறல், வன்முறை! இரண்டே ஆண்டுகளில், 1967ஆம் ஆண்டுத் தேர்தலில், அவ்வாட்சி கவிழ்ந்தது. 1968ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் தமிழும் ஆங்கிலமுமே போதும் என்னும் இருமொழி முடிபைச் சட்டமன்றம் ஏற்றது. நேற்று மாணவர் செய்த 'குற்றம்' இன்று நாட்டின் கொள்கை! சுடுகுண்டுக்கு இரையான மாணவர்க்குச் சிலை எழுந்தது. சுடச் சொன்னவர்க்குச் சிலை எங்கே?

வடக்கிலும் இதே நோய்தான். தில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகம் 2023ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட ஒழுங்கு விதிநூல், கல்விக் கட்டடங்களுக்கு நூறு மீட்டர்க்குள் மறியல் செய்யும் மாணவர்க்கு இருபதாயிரம் உருபா வரை தண்டத்தொகை விதித்தது. ஏழை மாணவன் வாய் திறக்கும் விலை இருபதாயிரம் உருபா! செல்வன் மகன் அதனைச் செலுத்திவிட்டுப் பேசுவான். கூலியாள் மகன் என் செய்வான்?

வேண்டும் விதியும் வேண்டா விதியும்

அங்ஙனமாயின் மாணவர்க்கு விதியே வேண்டாவோ என்று கேட்பார் உளர். வேண்டும், உறுதியாக வேண்டும். 1996ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவன் ஒருவனாற் கொடுமையாகக் கொல்லப்பட்டார். தமிழகமே பதைத்தது. அதன் விளைவாக 1997ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு பகடிவதைத் தடுப்புச் சட்டம் இயற்றியது. பகடிவதை செய்வார்க்கு ஈராண்டு வரை சிறையும் பத்தாயிரம் உருபா வரை தண்டமும் உண்டு. குற்றம் மெய்ப்பட்டால் கல்லூரியினின்று நீக்கமும் உண்டு. நடுவணரசின் பல்கலைக்கழக நல்கைக் குழு இதற்கெனத் தனி ஒழுங்குமுறை வகுத்தது 2009ஆம் ஆண்டில்தான். தமிழ்நாடு அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்திற்று. அச்சட்டத்தை எந்தத் தமிழரும் எதிர்த்திலர். ஏன்? அது மெலியாரை வலியாரிடமிருந்து காப்பது.

விதிக்குரிய உரைகல் இதுவே. மெலியாரைக் காக்கும் விதி அறம். வலியாரின் செவிக்கு இன்னாச் சொல் எட்டாதபடி காக்கும் விதி அடிமைமுறி. விடுதியில் இளையோனை அடிப்பவனை ஒறுப்பது ஒழுங்கு. விழா மன்றத்திற்குக் கறுப்பு உடுத்து வருபவனைத் தடுப்பது ஒழுங்கு அன்று, ஊழியம். இவ்விரண்டையும் 'தீயொழுக்கம்' என்னும் ஒரே சொல்லால் ஒரே பட்டியலிற் கட்டிவைப்பதே ஆட்சியாளரின் சூழ்ச்சி. பகடிவதைக்கு அஞ்சும் பெற்றோர் அப்பட்டியலுக்குத் தலையசைப்பர். அத்தலையசைப்பின் நிழலில் ஏனையவும் நுழைந்துவிடும்.

நன்னூல் காட்டும் வழி

ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர் பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உரிய ஒழுக்கத்தை வகுத்தார். அவர் முதலில் எவர்க்கு இலக்கணம் கூறினார்? மாணாக்கர்க்கு அன்று, ஆசிரியர்க்கு! ஆசிரியன் எத்தகையன் என்று கூறினார்; ஆசிரியன் ஆகாதவன் எவன் என்று கூறினார்; பாடம் சொல்லும் முறை கூறினார்; அதன் பின்னரே மாணாக்கன் பக்கம் திரும்பினார். மேலோர் ஒழுங்கு முன்னர். இளையோர் ஒழுங்கு பின்னர். இதுவே தமிழ் மரபு. இற்றைப் பல்கலைக்கழகங்களோ பவணந்தியாரைத் தலைகீழாகத் தொங்கவிட்டுள்ளன.

பெரியார் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்க. 2022ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அதன் முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது என்று வினவி, நான்கு சாதிப் பெயர்களை விடைக்கென அடுக்கியிருந்தனர். வினாத்தாளைப் பிறர் அணியப்படுத்தினர் என்று பல்கலைக்கழகம் அமைவு கூறிற்று. தேர்வுக் கூடத்தில் ஒரு மாணவன் சகமாணவனைப் பார்த்து அதே வினாவைக் கேட்டிருந்தால் அது தீயொழுக்கம். சட்டப்படி குற்றமும் ஆகும். பல்கலைக்கழகத் தாளே கேட்டால் அது வெறும் கவனக்குறைவா? 2023ஆம் ஆண்டு திசம்பரில் அப்பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தரே, தனியார் நிறுவனம் ஒன்று தொடங்கியது தொடர்பான முறையீட்டின்பேரில் காவல்துறையாற் பிடிக்கப்பட்டுப் பிணையில் வெளிவந்தார். அக்குற்றச்சாட்டு மெய்யா பொய்யா என்பதை முறைமன்றம் ஆய்க. அவர்க்குப் பிணை உண்டு, வழக்குரைஞர் உண்டு, ஆய்வு உண்டு. அஃது அவர் உரிமை. அவ்வுரிமையிற் காற்பங்கேனும் மாணவனுக்கு உண்டா என்பதே வினா.

ஆசிரியன் ஆகாதவனுக்குப் பவணந்தியார் காட்டிய உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் நீர் ஊற்றி வளர்க்க, வளைந்து சென்று வேறொருவர் கொல்லையிற் காய் உதிர்ப்பது அது. தமிழ்நாட்டு உழவனும் நெசவாளியும் தோட்டத் தொழிலாளியும் கட்டும் வரியில் வளரும் பல்கலைக்கழகம், தில்லி அமர்த்திய வேந்தரின் உள்ளம் குளிரத் தன் மாணவரின் உடையை உரிக்க முனைந்தது. இது முடத்தெங்கு அன்றி வேறென்ன?

கேளாது ஒறுத்தல்

பொற்கொல்லன் ஒருவன் சொல்லை மட்டும் கேட்டு, கோவலனை ஒருசொல் வினவாமல் கொல்வித்தான் பாண்டியன். பிழை உணர்ந்தவுடன் அரியணையிலேயே உயிர் துறந்தான். கேளாது ஒறுத்தல் அரசனையும் அழிக்கும் என்பது இளங்கோவடிகள் நாட்டிய அறம். இந்திய உச்ச முறைமன்றமும் 1962ஆம் ஆண்டு உத்தரப்பிரதேசத் தேர்வு வாரிய வழக்கில், மாணவரின் சொல்லைக் கேளாமல் அவர்தம் தேர்வு முடிவை நீக்கியது செல்லாது என்று தீர்ப்பளித்தது. சிலம்பு சொல்லியும், முறைமன்றம் சொல்லியும், இன்றும் முதலில் இடைநீக்கம், பின்னர் உசாவல் என்னும் வழக்கம் கல்லூரிகளில் ஒழிந்தபாடில்லை. குற்றம் சாட்டுவோரும் அவரே, உசாவுவோரும் அவரே, தீர்ப்பளிப்போரும் அவரே!

இன்னொரு கொடுமையும் உண்டு. பல்கலைக்கழக நல்கைக் குழுவின் ஒழுங்குமுறைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அரசிதழில் வெளிவருகின்றன. தமிழில் வெளிவருவதில்லை. நல்கைக் குழுச் சட்டமும் தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டமும் ஒரே 1956ஆம் ஆண்டில் எழுந்தவை. ஆயினும், தன்னைக் கட்டும் விதி எது என்பதைத் தன் தாய்மொழியிற் படிக்கும் பேறு தமிழ் மாணவனுக்கு இன்னும் வாய்க்கவில்லை. சேர்வராயன் மலைப் பழங்குடியிற் பிறந்து, தன் குடியில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் மலையாளிப் பெண்ணிடம் ஆங்கிலத் தாளை நீட்டி ஒப்பம் வாங்குகின்றனர். படிக்க இயலாத கயிற்றால் அவள் கைகளைக் கட்டிவிட்டு, பின்னொரு நாள் 'நீ ஒப்பமிட்டாய் அன்றோ?' என்று மிரட்டுவது கல்வியாளர் செயலா, கடன் முறி எழுதி வாங்கும் வட்டிக்காரன் செயலா?

செய்யத் தக்கவை

ஆகவே, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டுவன நான்கு.

ஒன்று: ஒழுங்கு விதிகள் அனைத்தும் தமிழில் எழுதப்படல் வேண்டும். மொழிபெயர்ப்பாக அன்று, தமிழே மூலமாகவும் முடிந்த வடிவாகவும் இருத்தல் வேண்டும்.

இரண்டு: பிறரை வருத்தும் செயலே தீயொழுக்கம் என வரையறுக்கப்படல் வேண்டும். உடையின் நிறம், முழக்கம், துண்டறிக்கை, கூட்டம் ஆகியவை அப்பட்டியலினின்று நீக்கப்படல் வேண்டும்.

மூன்று: கேளாது ஒறுத்தல் கூடாது. உசாவற்குழுவில் மாணவர் தேர்ந்தெடுத்த மாணவரும், பல்கலைக்கழகச் சார்பற்ற சட்ட அறிஞரும் இடம்பெறல் வேண்டும்.

நான்கு: துணைவேந்தர் முதல் வாயிற்காவலர் வரை அனைவர்க்கும் ஒழுங்கு விதி வகுத்து, மாணவர் விதிக்கு முன்பக்கத்தில் அச்சிடல் வேண்டும். பவணந்தியார் வைத்த வரிசை அதுவே.

நல்லாசிரியனுக்கு மலையை உவமையாக்கினார் அப்பெரும்புலவர். அளத்தற்கு அரியது, எவராலும் அசைக்கப்படாதது, மழை வறண்ட காலத்தும் வளம் சுரப்பது. அத்தகைய மலை ஒன்று பல்கலைக்கழகத்தின் அண்மையிலேயே நிற்கின்றது. மலையை நாள்தோறும் கண்டும், ஒரு கறுப்புத் துணிக்கு நடுங்குவோரைப் பார்த்துத் தமிழ் மாணவர் அஞ்சவேண்டுவதில்லை. கறுப்பை உடுப்பதற்குக் கரணியம் நாட்டில் இருக்கும்வரை, கறுப்பும் இருக்கும். கரணியத்தை ஒழிக்க முன்வருவோர் வருக. நிறத்தை ஒழிக்க வருவோர் தோற்றே திரும்புவர்!